இடப்பக்கச் சுமை

அந்த வண்டி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். சங்கரன்கோவிலில் வேதியியல் ஆசிரியராகப் பணிபுரியும் எனக்கு அதுவரை வண்டிகளின் மீது எந்த ஆசையும் இருந்ததில்லை என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மோட்டார் சைக்கிளின் இடப்பக்கத்தில், தனிச் சக்கரத்தின் மேல் மெத்தை வைத்த இருக்கையொன்று தொட்டிபோல இணைக்கப்பட்டிருந்த அந்தச் சைடு கார் வண்டியை நான் வாங்கியது என் மனைவி ஷஹீராவுக்காக மட்டுமே.

ஷஹீரா அப்போது ஏழாம் மாதம். இதற்கு முன் உருவான பிள்ளை தங்காமல் போயிருந்தது. இம்முறை பைக்கின் பின்னிருக்கையில் ஒருக்களித்து உட்காரவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பேருந்தின் குலுக்கலை நினைத்தாலே அவள் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். கார் ஓட்டும் துணிவு எனக்கில்லை. பிரசவத்துக்கு அவளைப் புளியங்குடி வழியாகக் கடையநல்லூரில் உள்ள தாய்வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க, கால் நீட்டி அமரக்கூடிய இந்த இருக்கையே தகுந்தது என்று எண்ணினேன்.

தெருவே கூடிவிட்டது. எதிரே பட்டறை வைத்திருக்கும் மாரிசெல்வம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“சாரே, இது பைக்கா, இல்ல ஆட்டோவுக்குப் பொறந்ததா?”

நான் சிரித்துவைத்தேன். ஷஹீரா சிரிக்கவில்லை. இருக்கையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “நீங்க முதல்ல நேரா ஓட்டிப் படிங்க மச்சான். பொறவு நான் ஏறுதேன்” என்றாள்.

நேராக ஓட்டுவது எளிதாக இல்லை. ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. பிரேக் பிடித்தால் வலப்பக்கம் பாய்ந்தது. இத்தனை ஆண்டுகள் பைக் ஓட்டிய பழக்கமே எனக்கு எதிரியாயிற்று. உடலைச் சாய்த்தால் வண்டி சாய்வதாயில்லை. எல்லாவற்றையும்விட மோசம், இடப்பக்கத் திருப்பம். ஆளில்லாத தொட்டி எடை போதாமல், திரும்பும்போதெல்லாம் சக்கரத்தோடு அந்தரத்தில் எழும்பியது. புளியங்குடிச் சாலையில் குளத்தங்கரையை ஒட்டிய வளைவில், என்னைத் தாண்டிச் சென்ற பேருந்தின் பயணிகள் அனைவரும் எட்டிப் பார்க்கும்படி அது எழும்பி நின்றது. நான் கருவேல முள்ளுக்குள் போய் விழாமல் தப்பியது இறைவன் அருள்.

“வெறுந்தொட்டின்னா தூக்கத்தான் செய்யும். வெயிட்டு வையுங்க சார்” என்றார் மாரிசெல்வம்.

மணல் மூட்டை வைத்தேன். அது கிழிந்து மெத்தையெங்கும் மணலானது. தண்ணீர்க் கேன் வைத்தேன். அது வளைவில் உருண்டு கவிழ்ந்து மெத்தையை நனைத்தது. ஷஹீரா மெத்தையை மாடியில் காயப்போட்டபடியே, “பிள்ளை பொறந்து அதுவே ஓட்டப் படிச்சிரும் போல” என்றாள். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதே உண்மை.

அந்தக் குளத்து வளைவில் சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஜேசிபி வாரிப் போட்ட மண்ணும் வேரும் ஓரமாகக் குவிந்து கிடந்தன. மறுநாள் மாலை மாரிசெல்வத்தைப் பின்னால் அமர்த்திக்கொண்டு பழகச் சென்றபோது, அந்தக் குவியலின் விளிம்பில் ஒரு கல் என் கண்ணில் பட்டது. ஒரு முனை உடைந்த பலகைக் கல். மேற்புறம் பல்லாண்டுகள் கை பட்டதைப்போல வழவழப்பாக இருந்தது. பக்கவாட்டில் சில எழுத்துகள் தேய்ந்து கிடந்தன. என்னால் வாசிக்க இயலவில்லை. உருளாது, கிழியாது, கவிழாது என்பதே அப்போது என் சிந்தையில் இருந்தது.

இருவரும் மூச்சுத் திணறத் தூக்கி, இருக்கைக்கு முன்னால் கால் வைக்கும் பள்ளத்தில் இறக்கினோம். அளவெடுத்துச் செய்ததுபோல் அது பொருந்திக்கொண்டது.

அன்றைக்குச் சக்கரம் எழும்பவில்லை. புளியங்குடி வரை போய், எலுமிச்சை மண்டிகளின் புளித்த வாசனைக்கு நடுவே தேநீர் அருந்திவிட்டு, இருட்டுமுன் திரும்பினோம். வெகு நாட்களுக்குப் பிறகு எனக்குப் பாட வேண்டும்போல் இருந்தது.

வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்தேன். மாரிசெல்வம் இறங்கிப் பட்டறைக்குப் போய்விட்டார்.

“உஸ்…”

தலைச்சுமையை இறக்கி வைக்கும் ஒருவர் விடும் மூச்சு அது. மிக அருகில், என் இடப்பக்கத்தில் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். இருக்கை காலியாக இருந்தது. எஞ்சின் சூடு தணியும் ஓசை என்று முடிவு செய்தேன். அறிவியல் கற்பிப்பவன் வேறெப்படி முடிவு செய்ய இயலும்?

அதன்பின் வண்டி நாளுக்கு நாள் கனத்தது. அதே கல், அதே சாலை; ஆனால் பெட்ரோல் இருமடங்கு குடித்தது. தொட்டியின் ஸ்பிரிங் அமுங்கியது. மாரிசெல்வம் புதிது மாட்டினார். அதுவும் அமுங்கியது.

“சார், வீட்ல சொல்லாம கிரைண்டர் வியாபாரம் எதுவும் பாக்குதீயளா?”

“மாரிசெல்வம், தயவுசெய்து சரியான ஸ்பிரிங்கை மாட்டுங்கள்” என்றேன். என் குரல் உயர்ந்திருந்தது. பட்டறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன்.

மெத்தையில் ஈர வாடை வந்தது. மணலின் வாடையல்ல, அப்போதுதான் அறுத்த பச்சைப் புல்லின் வாடை. உறையைக் கழற்றித் துவைத்தேன். காய்ந்தபின்னும் அது போகவில்லை.

ஒருநாள் நண்பகலில் தனியாக வெளியே சென்றவன், பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டுக் காற்றடிக்கும் இடத்தில் யாரேனும் உண்டா என்று பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது பெட்ரோல் போடும் பெண் என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

“படிச்சவியதானே நீங்க? மாசமா இருக்க பிள்ளைய இப்படியா வெயில்ல உட்கார வச்சிட்டுப் போவிய? தண்ணி வேணுமான்னு கேட்டேன். பேச்சே இல்ல. தலையக் குனிஞ்சே உட்காந்திருக்கு.”

“யாரைச் சொல்கிறீர்கள்?”

அவள் தொட்டியை நோக்கிக் கை நீட்டினாள். நீட்டிய கை பாதியிலேயே நின்றது.

“இப்பம் வரைக்கும் இருந்தாவளே. எங்கன போனாவ?”

ஊரே சேர்ந்து என் வண்டியைக் கேலி செய்யத் தொடங்கிவிட்டது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பணத்தைக் கொடுத்துவிட்டு நன்றி சொன்னேன். நேரே வீட்டுக்கு விரைந்தேன்.

ஷஹீரா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து வாசலைத் தாண்டவில்லை என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்ததும் அவளைக் கேட்டேன். ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. இனியும் தள்ளிப்போட இயலாது.

“இப்பம் நேரா ஓடுது ஷஹீரா. கொஞ்சம் ஏறித்தான் பாரேன்.”

வேப்பமர நிழலில் நின்ற வண்டியில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அமர்ந்தாள். அமர்ந்த வேகத்தில் எழுந்துவிட்டாள்.

“இடமே இல்லையே மச்சான்.”

“முழுசா காலியாத்தானே கிடக்கு? கல்லுகூட காலுக்குக் கீழதான் இருக்கு.”

“காலியா கிடந்தா ஏன் சூடா இருக்கு? யாரோ இப்பந்தான் எந்திரிச்ச மாதிரி.” அவள் இறங்கி வயிற்றின் மீது கையை வைத்துக்கொண்டாள். “நான் ஏறமாட்டேன்.”

இவ்வளவு பாடுபட்டும் இந்த ஒரு சொல்தானா எனக்கு? கோபத்தில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டேன். மாரிசெல்வத்தின் பட்டறை அன்று பூட்டியிருந்தது. எங்கே போகிறேன் என்ற எண்ணமில்லாமலேயே குளத்து வளைவுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே தொட்டி மட்கார்டில் உரசும் அளவுக்கு அமுங்கிவிட்டது. அதற்குமேல் வண்டி நகர மறுத்தது.

மண் குவியலருகே தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நடுத்தர வயது. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன.

“யய்யா, இந்தக் கட்டைச் செத்த பிடி. இங்கன கிடந்த கல்லையும் எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். கட்டை எறக்க எடமில்லாம ஒரு மாசமா சாவுதேன்.”

நான் கட்டைப் பிடித்து இறக்கினேன். அவர் “உஸ்…” என்று மூச்சு விட்டார்.

வீட்டு வாசலில் என் இடப்பக்கத்தில் கேட்ட அதே மூச்சு.

அவர் நிமிர்ந்தபோது தொட்டிக்குள் கிடந்த கல்லைக் கண்டார். முகம் மாறிவிட்டது.

“இது இங்கனயா இருக்கு?”

“வண்டிக்கு எடை போதவில்லை அம்மா. கேட்பாரற்றுக் கிடந்ததென்று நினைத்து எடுத்துக்கொண்டேன். உங்களுடையதா?”

“என்னுதும் இல்ல, உன்னுதும் இல்ல. சுமைதாங்கிய்யா இது. ரெண்டு காலு நட்டு மேல கிடந்துச்சு. ரோடு போடுதவன் இடிச்சிட்டான். வயித்துப் பிள்ளையோட செத்துப்போன பொம்பளைக்கு, அவ வீட்டாளுக நட்டது. பாலம்மாள்னு பேரு. எனக்கும் அவ பேருதான் வச்சாவ.” அவர் கல்லைத் தொடவில்லை. “இறக்காத சுமையோட போனவ. வாரவன் போறவன் சுமைய இதுல இறக்கினா, அவளுக்குக் கொஞ்சம் இறங்கும்னு சொல்லுவாவ. நீ அவளையே சுமையாக்கி ஊரெல்லாம் ஏத்திக்கிட்டு அலைஞ்சிருக்க.”

சுமைதாங்கி எனக்குத் தெரியாததல்ல. சாலையோரங்களில் கண்டிருக்கிறேன். இரண்டு கால்களோடு நிற்கும்போது தெரியும். மண்ணோடு கிடந்தபோது தெரியவில்லை.

“வீட்டுல மாசமா யாரும் இருக்காவளா?” என்று அவர் கேட்டார்.

“ஆம்” என்றேன்.

அவர் யாருடைய உதவியும் கேளாமல் கட்டைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, பின்னால் பாராமல் நடந்தார்.

எதிரே வேலை செய்துகொண்டிருந்த சாலைப் பணியாளர்களிடம் கெஞ்சிக் கேட்டேன். இருவர் வந்தார்கள். குவியலைத் தோண்டிக் கால் கற்களை எடுத்து, சாலையிலிருந்து தள்ளி நட்டார்கள். பிறகு தொட்டியிலிருந்து பலகைக் கல்லைத் தூக்கினார்கள்.

“இதையா சார் கனம்னு சொன்னீய?” என்றான் ஒருவன். அதைக் கால்களின் மேல் வைத்து, தன் மண்வெட்டியையும் அதன்மேல் சாய்த்துவிட்டுச் சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல் இறங்கிவிட்டது.

ஸ்பிரிங் எழும்பவில்லை.

இறந்தவருக்காக எனக்குத் தெரிந்தவரையில் இறைவனிடம் துஆ செய்தேன். “மன்னித்துவிடுங்கள்” என்றும் வாய்விட்டுச் சொன்னேன். பணியாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எஞ்சினை உயிர்ப்பித்தேன். அதுவரை நகர மறுத்த வண்டி இப்போது எளிதாகக் கிளம்பியது. குளத்தைத் தாண்டிச் சென்று வண்டியைத் திருப்பும்போது, வேண்டுமென்றே இடப்பக்கமாக வேகத்தோடு வெட்டித் திருப்பினேன். வெறுந்தொட்டி என்றால் சக்கரம் எழும்ப வேண்டும். எழும்பட்டும் என்று வேண்டினேன். இத்தனை நாட்கள் எதை வெறுத்தேனோ அதைக் காண ஏங்கினேன்.

சக்கரம் தரையை விட்டு விலகவே இல்லை.

வீடு வந்து சேர்ந்தபோது பள்ளிவாசலில் மாலை மஃக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஷஹீரா நின்றிருந்தாள். காலடியில் துணிப்பை இருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

“வலி எடுக்குது மச்சான். உம்மாகிட்ட போயிருவோம்.”

“நில்லு, ஆட்டோ பிடிச்சிட்டு வாரேன். இல்ல, ஆம்புலன்ஸுக்குச் சொல்லுதேன்.”

“வேண்டாம். இதுலயே போவோம்.”

“நீதானே மத்தியானம் ஏறமாட்டேன்னு சொன்ன?”

“மத்தியானம் இடமில்ல.”

நான் தடுப்பதற்குள் அவள் ஏறிவிட்டாள். யாரும் தோள் கொடுக்கவில்லை; ஆனாலும் கைப்பிடித்து ஏற்றிவிட்டதுபோல இலகுவாக ஏறினாள். இருக்கையின் இடது ஓரத்துக்கு நகர்ந்து, தொட்டியின் சுவரோடு ஒட்டி அமர்ந்தாள். துணிப்பையை மடிமீது வைத்துக்கொண்டாள். அவளுக்கும் எனக்கும் இடையில் பாதி இருக்கை காலியாகக் கிடந்தது.

“நடுவுல நல்லா உட்காரு ஷஹீரா. இவ்வளவு இடம் கிடக்குலா.”

அவள் அந்தக் காலி இடத்தைக் கனிவோடு பார்த்தாள்.

“இருக்கட்டும் மச்சான். அவளும் மாசக்காரிதானே.”

புல்லுக்கட்டுக்காரப் பெண் சொன்னது எதையும் நான் ஷஹீராவிடம் சொல்லியிருக்கவில்லை.

எஞ்சினைக் கிளப்பி ஆக்சிலேட்டரை முறுக்கினேன். வண்டி எந்தப் பக்கமும் இழுக்காமல், கோடு போட்டதுபோல நேராகச் சென்றது.