லேத்தின் காலடித் துணி

இரும்பு கடையும் லேத்தை நிறுத்திப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அதன் மேல் வைத்த கிளாஸில் தண்ணீர் மட்டும் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

ரவிச்சந்திரன் அதையே பார்த்தபடி நின்றான். குருண் ஊர்ப் பெரிய சாலையில் லாரி போனால் பட்டறைத் தரை அதிரும். ஆனால் இந்த அடைமழையில் லாரிச் சத்தம் ஒன்றையும் காணோம், தகரக் கூரையில் மழை இரைவதும், எண்ணெயும் இரும்பும் கலந்த பழைய நெடியும், ஷட்டர் இடுக்கில் நுழைந்த நாலு மணி வெளிச்சமும்தான் உள்ளே இருந்தன. செமிலிங் பக்கம் மூடிப்போன தோட்டத்து ஆலையிலிருந்து வாங்கிய லேத் அது. அதிர்வு தாங்காமல் காலையில்தான் நாலு காலுக்கும் ரப்பர் மெத்தை கொடுத்து, தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து காட்டும் டிஜிட்டல் திரையையும் பொருத்தினான். ஒரு காலடியில் மடித்துச் செருகியிருந்த நீலத் துணியை, எந்தச் சோம்பேறி இப்படி முட்டுக் கொடுத்தானோ என்று திட்டிக்கொண்டே குப்பையோடு எரித்தான்.

கைப்பேசி அடித்தது. மனைவி தேவகி.

"ஏங்க, கோயில்ல முனியாண்டி அண்ணனப் பார்த்தேன். அந்த ஆலையில வேல செஞ்சவரு. மெஷின் காலுக்கு அடியில ஒரு துணி இருக்குமாம், அத எடுத்திடாதீங்கன்னு சொல்றாரு."

"என்னா துணி?"

"காளிதாசன்னு ஒருத்தரு. சட்டக்கை சுத்துற சக்குல மாட்டி, ஆளையே இழுத்துக் கொன்னுருச்சாம். அந்தச் சட்டக்கைய பூசாரி மந்திரிச்சு அங்க அமுக்கி வச்சாராம். எடுத்துட்டீங்களா?"

"எரிச்சிட்டேன்லா."

"ஐயோ, மொதல்ல வெளிய வாங்க!"

அவன் லேத்துக்கும் திரைக்குமான பிளக்கைப் பிடுங்கினான். திரை அணையவில்லை. 900.00. இரும்பைக் கவ்வும் சக்கின் வாயில்தான் அவன் பூஜ்யம் வைத்திருந்தான்; அளவுகோல் பொருத்திய சாடில் என்ற நகரும் தட்டும் அங்கேயே நின்றது. பூஜ்யம்தான் காட்ட வேண்டும்.

ஓரடி பின்னால் வைத்தான். 1200.00.

இன்னும் ஓரடி. 1500.00.

அது அவனைத்தான் அளக்கிறது. ஷட்டரில் முதுகு முட்டும்வரை பின்வாங்கினான். 3200.00. இடது கையால் பின்னால் கைப்பிடியைத் துழாவினான்.

3100.00.

அவன் அசையவில்லை.

2400.00. 1100.00. கைப்பிடி அகப்படவில்லை. முதுகு இன்னும் ஷட்டரில்தான் ஒட்டியிருந்தது. 300.00.

0.00.

பிளக் தரையில் கிடந்தது. எதிரே சக் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. அது ஒரு சுற்றுச் சுற்ற, அவனுடைய வலது சட்டைக்கையும் மணிக்கட்டைச் சுற்றி ஒரு முறை முறுக்கிக்கொண்டது.