ஏர்னஸ்டுக்கு விட்ட இடம்

நாங்கள் குடியேறியிருந்த வெளிநாட்டு நகரத்தின் மாசி என்ற புறநகரில், பழைய வள்ளம் ஒன்று வாங்க அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் பதினொரு மணி. 1986ஆம் ஆண்டு, ஜூலை மாதம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. வேலியோரப் புல்லுக்குள் ஓர் அலுமினிய வள்ளம் கிடந்தது. விளிம்புவரை கறுத்த தண்ணீர், அதன் மேலே அழுகிய இலைகள். பார்த்ததும் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. என் கணவர் வின்சென்ற் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகம் மலர்ந்து நின்றார்.

அவருக்கு வெல்டிங் வேலை. மன்னாரில், பேசாலைக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். அதே நகரத்தில் கிளென் ஈடனில் வீடு எடுத்த நாளிலிருந்து வள்ளம், வள்ளம் என்று என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

வள்ளத்தின் சொந்தக்காரர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். ஒரு பெட்டி பியருக்கு வள்ளத்தைத் தந்துவிட்டார். இவ்வளவு மலிவாக ஒரு பொருள் வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். காருக்குப் பின்னால் இழுக்கும் றெயிலரில் கட்டும்போது கிழவர் ஒன்று சொன்னார்.

“முன் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டேன். அது இல்லாமலே ஓட்டலாம்.”

ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வின்சென்றின் தம்பி ஏர்னஸ்ட், முந்தின ஆண்டு மே மாதம், மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறியவன். அந்த வள்ளம் கவிழ்ந்துவிட்டது என்று மட்டும் செய்தி வந்தது. உடல் கிடைக்கவில்லை. பதினாலு மாதமாகத் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பதே எங்கள் வேலையாக இருந்தது. அவனுக்கு இறந்தோர் பூசை ஒப்புக்கொடுப்போம் என்று நான் வாய் திறந்தால் வின்சென்ற் எழுந்து போய்விடுவார். பூசை வைத்தால் தம்பியைத் தானே கடலில் தள்ளிய மாதிரி என்பது அவர் எண்ணம்.

வீட்டுக் கராஜில் வேலை தொடங்கியது. தகடுகளைப் பிணைத்த றிவெற்று ஆணிகளைத் துளைத்து வள்ளத்தின் தரையைக் கழற்றினார். மிதப்பதற்காக அடியில் அடைத்திருந்த றெஜிபோம் நுரைப்பலகை தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனத்தது. மோட்டர் மாட்டும் பின்பலகை தொட்டாலே உதிர்ந்தது. எல்லாவற்றையும் மாற்றினார். பிறகு வள்ளத்துக்குள் தண்ணீரை நிரப்பி, வெளியே கசியும் இடங்களில் என்னைச் சோக்குக்கட்டியால் வட்டம் போடச் சொன்னார். பதினேழு வட்டம் போட்டேன். அவற்றையும் ஒவ்வொன்றாக அடைத்தார்.

கடைசியாக, முன்பக்கத்தில் உட்காருவதற்கு ஒரு புதுப் பலகையைப் பூட்டினார்.

“கிழவர் அது வேண்டாமெண்டவர் எல்லோ?” என்றேன்.

“அது ஏர்னஸ்டின்ர இடம். அவன் வருமட்டும் ஒருத்தரும் அதில இருக்கக் கூடாது.”

அவர்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம். கடலில் காணாமல் போனவன் திரும்பும்வரை, அல்லது அவனுக்குப் பூசை நடக்கும்வரை, வள்ளத்தில் அவனுடைய இடத்தை வெறுமையாக விடுவார்கள். கராஜுக்குள் நிற்கும் வள்ளத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று பகிடி பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் அந்தப் பலகை நனைந்திருந்தது.

கூரை ஒழுகவில்லை. வள்ளத்தின் மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடந்தது. பலகையில் மட்டும், ஓர் ஆள் இருந்து எழும்பிய அளவுக்கு ஈரம். துடைத்தேன். மறுநாளும் அதே அளவு. வின்சென்ற் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உப்பு,” என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலையால் வந்ததும் கராஜ். சாப்பாட்டுக்கு நடுவிலும் எழும்பிக் கராஜ். எனக்கு அவர் மேல் எரிச்சலாக இருந்தது. எரிச்சல் என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் பயம்.

உடுப்புத் தோய்க்கும் மெஷினும் அதே கராஜில்தான் இருந்தது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம், வீட்டில் நான் மட்டும். வெளியே மழை தூறியது. ஈர உடுப்புகளைக் கூடையில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வள்ளம் நின்ற றெயிலரின் ஸ்பிரிங் வில் கிறீச்சிட்டது.

திரும்பினேன். ஒருவரும் இல்லை.

வள்ளத்தின் முன்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. களைத்துப்போன ஒருவர் பாரத்தை இறக்கி உட்காருவது போல. நனைந்த கம்பளியின் மணம் கராஜ் முழுதும் பரவியது. அதற்குள் பழைய புகையிலை மணமும் இருந்தது.

பலகையின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

பிறகு இன்னொன்று.

கூடையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினேன். வின்சென்ற் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் குசினி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அவன்தான் வந்திருக்கிறான், டோறின்,” என்று குசுகுசுத்தார். “கடலுக்குள்ளயே போயிட்டான் என்ர தம்பி.”

“அழாதேங்கோப்பா. பூசை வைப்பம். பாவம், அவன் ஆறுதலாப் போகட்டும்.”

முதன்முறையாக அவர் தலையாட்டினார். அந்தக் கம்பளி மணத்தைப் பற்றி இருவருமே யோசிக்கவில்லை. பேசாலை வெயிலில் யார் கம்பளி போட்டது?

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குச் சுவாமியார், இறந்தோர் வரிசையில் ஏர்னஸ்டின் பெயரையும் வாசித்தார். வின்சென்ற் தேம்பி அழுதார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது.

திங்கட்கிழமை பலகை நனைந்திருந்தது. செவ்வாய்க்கிழமையும்.

புதன்கிழமை ஒரு கடிதம் வந்தது. இராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் அகதி முகாமிலிருந்து, ஏர்னஸ்டின் கோணல் எழுத்தில்.

‘அண்ணா, நான் சுகமாக இருக்கிறேன். வள்ளம் கவிழ்ந்தபோது மீனவர்கள் என்னைத் தூக்கிவிட்டார்கள், விலாசம் எழுதிய துண்டு கடலோடு போய்விட்டது. இப்போது முகாமுக்கு வந்த பேசாலை அக்கா ஒருவரிடம்தான் உங்கள் விலாசம் கிடைத்தது.’

கீழே போன வாரத் திகதி போட்டிருந்தது.

வின்சென்ற் தரையில் முழந்தாளிட்டுச் சிரித்தார், அழுதார், கடிதத்தை என் கையில் திணித்து மறுபடி வாசிக்கச் சொன்னார். உயிரோடு இருப்பவனுக்கு இறந்தோர் பூசை வைக்கச் சொன்னவள் நான்.

அழுகை அடங்கிய பிறகுதான் இருவரும் கராஜ் கதவைப் பார்த்தோம்.

“அப்ப அதில இருக்கிறது ஆர்?” என்றார் வின்சென்ற், மிக மெதுவாக.

மாசிக் கிழவருக்கு நான்தான் போன் பண்ணினேன். வள்ளம் என்றதுமே அவர் கேட்டார்.

“சீட்டைத் திரும்பப் போட்டுவிட்டீர்களா?”

போட்டோம் என்றேன்.

“என் மச்சான் அதில்தான் இருந்தான். மனுக்காவ் குடாவில் கவிழ்ந்தோம். கம்பளிச் சட்டை தண்ணீரைக் குடித்து அவனைக் கீழே இழுத்துவிட்டது. அவன் கிடைக்கவே இல்லை.” கிழவர் தொண்டையைச் செருமினார். “வெறும் இடம் கண்டால் வந்து இருந்துவிடுகிறான். கழற்றிவிடுங்கள், அம்மா.”

அப்போதே வின்சென்ற் றிவெற்றுகளைத் துளைத்து எடுத்தார். பலகையை நாலாக அறுத்து, மறுநாள் காலையில் குப்பைமேட்டில் எறிந்துவிட்டு வந்தார். அதன்பிறகு கராஜ் காய்ந்து கிடந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம். வள்ளத்தை விற்க விளம்பரம் போட்டோம். ஏர்னஸ்டுக்கு விசாப் பத்திரங்களும் அனுப்பினோம். நான் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினேன்.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து பகல் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். வின்சென்ற் அன்று லீவு. குசினியில் பாட்டு முணுமுணுத்தபடி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார எப்போதும் இரண்டு கதிரைகள்தான். இப்போது மூன்றாவதாக ஒன்று, புதிது, சுவரோரமாக நின்றது. அதற்கு முன்னால் ஒரு கோப்பையும் கவிழ்த்து வைத்திருந்தார்.

“இதென்னப்பா?”

“ஏர்னஸ்டுக்கு,” என்றார், சந்தோஷத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல். “காலமை வாங்கினனான். அவன் வருமட்டும் ஒருத்தரும் அதில இருக்கக் கூடாது.”

மீன் மணத்தையும் மீறி நனைந்த கம்பளி மணந்தது.

கதிரையின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.