சரோஜினிக்கு வைத்த இலை

காகங்கள் இருந்தன. வரத்தான் இல்லை.

ராஜகீழ்ப்பாக்கம் வீட்டு மொட்டைமாடிச் சுவரில் ஹேமநாத் வைத்த இலையில் சோறும் பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும் காய்ந்துகொண்டிருந்தன. சுற்றிலும் தண்ணீர்த் தொட்டிகளின் மேலெல்லாம் காகங்கள். ஒன்றுகூட இலையைப் பார்க்கவில்லை. அத்தனையும் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தன.

மனைவி சரோஜினி ஆஸ்பத்திரியில் இறந்து இன்றோடு ஒரு வருடம். காகம் தொட்ட பிறகுதான் அவர் சாப்பிடலாம். விடிந்ததிலிருந்து காபிகூட இல்லை.

"அங்கிள், ஆன்ட்டிக்கு மனசுல ஏதோ குறை போல," என்றாள் பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வினிதா. "எங்க தாத்தாவுக்கும் இப்படித்தான் வரவே இல்ல. 'அத்தை கல்யாணத்தை நான் முடிச்சு வைக்கிறேன்'னு அப்பா சத்தமா சொன்னார் பாருங்க, உடனே வந்து கொத்திடுச்சு. நீங்களும் ஏதாவது வாக்குக் கொடுங்களேன்."

"என் வொய்ஃபுக்கு என்னம்மா குறை? மாடுலர் கிச்சன் போட்டுக் கொடுத்தவன் நான்."

வினிதா ஈரத் துண்டை உதறினாள். சாயங்காலத்துக்குள் இது நகர் முழுக்கப் பரவிவிடும். குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு ஹேமநாத் நிரந்தரத் தலைவர். அந்தப் பதவியை வேறு யாரும் கேட்டதில்லை. தலைவர் வீட்டுச் சோற்றைக் காகம் சீண்டவில்லை என்றால் சங்கத்தின் மானம் என்னாவது?

வங்கியில் மண்டல மேலாளராக இருந்தவருக்கு வழி தோன்றாமல் போகுமா? வண்டலூரைத் தாண்டி, காட்டுக்குள் ஒரு விலங்கு மீட்பு மையம் இருந்தது. பட்டத்தின் மாஞ்சாக் கயிற்றில் இறக்கை அறுபட்ட காகங்களை அங்கே வைத்துப் பராமரிக்கிறார்கள். கூண்டில் இருக்கிற காகம் எங்கே பறந்துவிடும்? இலையை மடித்து டிபன் கேரியரில் வைத்துக்கொண்டு காரை எடுத்தார்.

காணும் பொங்கல். பேரக் குழந்தைகள், புளிசாதம், பந்து, பாய் என்று ஊரே மிருகக்காட்சி சாலைக்குப் போய்க்கொண்டிருந்தது. காட்டுப் பாதையில் திரும்பியவர் அவர் ஒருவர்தான்.

மீட்பு மையத்தில் குணா என்ற பராமரிப்பாளன் மட்டும் இருந்தான். ஹேமநாத் வந்த விஷயத்தைச் சொல்லி விசிட்டிங் கார்டை நீட்டினார். அவன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கையிலேயே கொடுத்தான்.

"காக்காக் கூண்டு கடைசில கீது சார். இலைய வெச்சுட்டு கம்முனு வந்துடுங்க. ஒரு வார்த்த பேசக் கூடாது. மனுசக் கொரலு பழகிப்போச்சுனா அப்பால காட்டுல வுட முடியாது, நம்ம பின்னாலயே வந்துகினு இருக்கும்."

"ஐ நோ, ஐ நோ. நான் எவ்வளவோ இடத்துல பேசினவன்பா."

"அதான் சார் பயமா கீது," என்றான் குணா. மானுக்குத் தழை போடப் போய்விட்டான்.

பாதை சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே போனது. கூண்டுகள் எல்லாவற்றுக்கும் ஈரச் சாக்குத் திரை தொங்கியது. உள்ளே இருப்பவை மனிதர்களைப் பார்க்கக் கூடாதாம். பினாயில் வாசமும் புழுக்கை வாசமும் நனைந்த இறகின் வாசமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. நரி என்று எழுதியிருந்த கூண்டுக்குள் ஏதோ மூச்சு வாங்குவது கேட்டது. அவர் பக்கத்தில் போனதும் நின்றது. கடந்து போன பிறகும் மறுபடி தொடங்கவில்லை. மரநாய்க் கூண்டிலும் அப்படியே. ஆந்தைக் கூண்டிலும். நெடுஞ்சாலையின் இரைச்சல் எப்போது அடங்கிப்போனது என்று அவருக்குத் தெரியவில்லை. தன் செருப்புச் சத்தம் இவ்வளவு பெரியதா என்று ஹேமநாத் யோசித்தார்.

கடைசிக் கூண்டு ஒரு பஸ் நீளம் இருந்தது. இந்தக் கோடியில் கம்பி வலையும் தீனி வைக்க ஒரு திறப்பும். அந்தக் கோடியில், பறவைகள் ஒண்டிக்கொள்ள, சாக்குத் திரை. நடுவில் காகங்கள், இறக்கை தொங்க, ஒற்றைக் காலில். இலையை உள்ளே தள்ளினார்.

அவை நொண்டி நொண்டித் திரும்பின. முதுகைக் காட்டின.

"கா... கா..." என்றார் ஹேமநாத்.

ஒன்றும் அசையவில்லை. வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரோ, நம்ம பூங்காவுல உன் பேர்ல ஒரு சிமெண்ட் பெஞ்சு போடறேன். கல்வெட்டோட."

முதுகுகள்.

"நம்ம பையன் அனிருத்தை கனடாவிலேர்ந்து வரச் சொல்றேன். உன் அக்கா கங்கையம்மாள்கிட்ட நானே போய்ப் பேசறேன். மன்னிப்பு வேணும்னாலும்... சரி, கேக்கறேன்."

முதுகுகள். தீர்மானங்களுக்குக் கைதட்ட யாருமில்லை. சங்கக் கூட்டங்களில் முதல் கைதட்டல் எப்போதும் சரோஜினியுடையது என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

அவளுக்கு என்னதான் வேண்டியிருந்தது? நகை கேட்டதில்லை. ஊர் சுற்றக் கேட்டதில்லை. அவர் டி.வி. முன்னால் சாப்பிட்டு எழுந்த பிறகு, மாடுலர் கிச்சனில், மேடையோரம் நின்றபடியே சாப்பிடுவாள். "ஒரு நாளாவது என்கூட உக்காந்து சாப்பிடுங்களேன்" என்றாள் ஒருமுறை. மீட்டிங் இருந்தது. எப்போதும் மீட்டிங் இருந்தது.

இந்த ஒரு வருடமாக அவரும் மேடையோரம் நின்றுதான் சாப்பிடுகிறார். உட்கார்ந்தால் எதிர் நாற்காலி தெரிகிறது.

கம்பி வலையைப் பிடித்துக்கொண்டார். மைக்குக்காக இல்லாமல், யாரோ கேட்க வேண்டும் என்று இல்லாமல், சின்னக் குரலில் சொன்னார்:

"இனிமே உன்னைத் தனியா சாப்பிட விடமாட்டேன் சரோ. நீ எங்க இருந்தாலும் அங்கயே வந்து உன்கூட உக்காந்துக்கறேன். சத்தியமா."

காகங்கள் திரும்பின. எல்லாம் ஒரே சமயத்தில்.

அவரைப் பார்க்கவில்லை. இலையைப் பார்க்கவில்லை. அந்தக் கோடிச் சாக்குத் திரையைப் பார்த்தன. பிறகு, சத்தமே இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கம்பி ஓரத்தில் ஒடுங்கின.

திரை விலகியது. கொஞ்சம்.

கை வந்தது.

திரை அந்தக் கோடியில். இலை இந்தக் கோடியில். நடுவே ஒரு பஸ் நீளம். கை மட்டும்தான் வந்தது. மண்ணைத் தடவிக்கொண்டு. நிதானமாக. தோள் வரவில்லை. முகம் வரவில்லை. வந்துகொண்டே இருந்தது.

சாம்பல் நிறம். புறங்கையில், ஊசி குத்திய இடத்தில், ஆஸ்பத்திரி பிளாஸ்திரி. ஓரம் உரிந்திருந்தது.

சோற்றைத் தொட்டது. பருப்பை இழுத்துப் பிசைந்தது. வாழைக்காயைக் கட்டைவிரலால் மசித்துக் கலந்தது. உருட்டியது.

ஓட வேண்டும். ஓடவில்லை. தரையில், சம்மணமிட்டு, ஹேமநாத் உட்கார்ந்தார்.

உருண்டை திறப்பின் வழியாக அவர் உதடுவரை வந்தது.

"சார்!" எங்கோ தூரத்தில் குணா. "டைமாச்சு சார், இன்னா பண்றீங்க?"

வாய் நிறையச் சோறு. சில்லென்றிருந்தது. விழுங்கினார்.

கை அடுத்த உருண்டையைப் பிசைந்துகொண்டிருந்தது. இலையில் சோறு குறையவே இல்லை.