இரண்டாவது மூச்சு

'கர்ர்ர்' என்று ஸ்பீக்கர் அலறியதும் அவள் கை கீபோர்டிலிருந்து துள்ளி விலகியது.

உள்ளறையில் காய்ச்சலில் கிடக்கும் மகளின் தலைமாட்டில் மைக்கை வைத்து, நீள ஒயரைக் கதவுக்கடியில் இழுத்து, முன்னறையில் டைப் அடித்தபடியே அந்தச் சளி கட்டிய மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பது ஒரு வாரமாக அவள் வழக்கம். மூச்சு திணறினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அலறல் அடங்கியது. மழையில் காயாத துணியின் வாடையும் மருந்து நெடியும் கலந்த அந்த மங்கிய மாலையில், மகளின் மெல்லிய மூச்சுக்குப் பின்னால், பாரம் இறக்கியவர் விடுவதுபோல நீளமாக, நிதானமாக, இன்னொரு மூச்சு.

போய்ப் பார்த்தாள். மகள் தனியாகத்தான் தூங்கினாள்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தம்பிக்கு போன் போட்டாள்.

"சவுண்ட் கார்டை இயக்கற சாஃப்ட்வேர் இருக்குல்ல, டிரைவர்னு, அதுல கோளாறுக்கா. தானா அப்டேட் ஆகியிருக்கும். ஒரே சத்தத்தை ரெண்டு தடவை தள்ளுது. நிழலைப் பார்த்தே பயப்படற ஆளாச்சே நீ."

ஸ்பீக்கரில் மகள் இருமினாள். அந்த இன்னொன்று இருமவில்லை. உற்றுக் கேட்பதுபோல மூச்சை அடக்கிக்கொண்டது.

"ரெண்டு தடவை வரலைடா. ஒரு இருமல்தான் கேட்டுச்சு. ஏதாவது பண்ணுடா, உன் கால்ல விழறேன்."

"அழாதக்கா. அந்த டிரைவரைத் தூக்கு, பழசைப் போடு. அடாவடி வாடகைக்காரன் மாதிரி அது. காலி பண்ண வெச்சாத்தான் போகும்."

அந்த டிரைவரை நீக்கினாள். ஸ்பீக்கர் ஊமையானது. பழைய டிரைவர் ஏறியது. கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி கிளம்ப, திரை கறுத்தது. கறுப்பில் அவள் முகம் மட்டும்.

மீண்டும் வெளிச்சம். மூச்சு கேட்டது. ஒன்றே ஒன்று. மகளுடையது.

"போயிடுச்சுடா."

"சொன்னேன்ல. இனி அந்த மெஷின்ல ஒண்ணும் இல்ல. போய் ஒரு டீ குடி."

போனை வைத்துவிட்டு ஸ்பீக்கரில் காதை ஒட்டினாள். ஒரு மூச்சு. மகளுடையதே இன்னொன்று. அடுத்தது தாமதமாக. அதற்கடுத்தது பாதியில் நின்றது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கனமாக ஏதோ ஏறியதுபோல.

ஓடினாள். தள்ளினாள். கதவு அசையவில்லை. தாழ்ப்பாளே இல்லாத கதவு.

முதுகுக்குப் பின்னால், ஸ்பீக்கரில், இரைச்சல் துளியும் இல்லாமல் மகளின் குரல் திக்கித் திக்கி வந்தது.

"அம்மா... அதை ஏன் அங்கேருந்து அனுப்பின? இப்ப என் நெஞ்சு மேல உக்காந்திருக்கு."