கதவில்லாத கூடம்

அலுவலர்கள் வீடு திரும்பும் மாலை வேளை. ஊழியர் பேருந்துகள் வாயிலைக் கடந்து வெளியேறிக் கொண்டிருந்தபோது, விரிவுரையாளர் அவள் ஒருத்தி மட்டும் எதிர்த்திசையில் நடந்து பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்துக்குள் நுழைந்தாள். கையில் மனு. எத்தனையாவது மனு என்று எண்ணுவதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள்.

பழைய கட்டடம் என்பது பேச்சு வழக்கு. கண்ணுக்குத் தெரியும்படி அங்கே பழையது எதுவும் இல்லை. வயல்களுக்கு நடுவே எழுந்த அந்தப் பல்கலைக்கழகம் ஒரே ஒரு கூடத்தில் பிறந்தது. சுற்றுவட்டாரத்து உழவர்கள் நிலம் கொடுத்தார்கள். செங்கல் சூளைக்காரர்கள் கல் சுமந்து சுவர் எழுப்பினார்கள். கைம்மாறாக அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. வேலை முடிந்து வருகிறவருக்கு மாலையில் அங்கே எழுத்தறிவிக்க வேண்டும். அந்தக் கதவை மாலையில் எவரும் சாத்தக் கூடாது. ஆகட்டும் என்றார்கள் பெரியவர்கள். கைதட்டல் வயல்வெளியெங்கும் கேட்டதாம்.

பிறகு பல்கலைக்கழகம் வளர்ந்தது. அது வளர்ந்த விதம் இருக்கிறதே, அதுதான் வேடிக்கை! புதிய கட்டடம் எழுப்பத் தலைநகரின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் வருவதற்குள் கேட்டவர் ஓய்வு பெற்றுவிடுவார். இருக்கிற கட்டடத்தை ஒட்டிச் சுவர் நீட்டினாலோ அதற்குப் பெயர் விரிவாக்கம்; அதற்கு எவர் ஒப்புதலும் வேண்டாம். ஆகவே வந்த துணைவேந்தரெல்லாம் விரிவாக்கினார்கள். கூடத்தின் கிழக்கே தேர்வுத்துறை ஒட்டிக்கொண்டது. தெற்கே நிதித்துறை. மேற்கே ஆய்வுத்துறை. வடக்கே பதிவாளர் அலுவலகம். துறைகளின் முதுகில் துறைகள் ஏறின.

மாலை வகுப்போ தேய்ந்தது. கூடத்திலிருந்து தாழ்வாரத்துக்குத் தள்ளினார்கள். தாழ்வாரத்திலிருந்து மிதிவண்டிக் கொட்டகைக்குத் துரத்தினார்கள். இப்போது ஆண்டு நிறைவு விழா வருகிறது. விருந்தினர் கார்கள் நிற்க வேண்டுமாம். கொட்டகையை இடிக்கப் போகிறார்கள். வாரம் முடிவதற்குள் ஓர் அறை கிடைக்காவிட்டால் வகுப்பே ரத்து.

"இடம் இல்லீங்க, மேடம்" என்றார் பதிவாளர், மனுவைப் பிரிக்காமலே.

"உடைஞ்ச ஃபேனுக்கு ரூம் இருக்கு சார். கால் போன நாற்காலிக்கு ரூம் இருக்கு. போன விழாவுல மிஞ்சிப்போன அலங்கார வளைவுக்குக்கூட ரூம் இருக்கு. மனுஷங்களுக்கு மட்டும் இல்லையா?"

"கத்தாதீங்க. ஒலிபெருக்கின்னு உங்களுக்குப் பேரு வெச்சவன் சும்மா வைக்கல."

அவள் வாய் திறப்பதற்குள், பதிவாளரின் நாற்காலிக்குப் பின்னாலிருந்த சுவரில் ஓர் ஓசை எழுந்தது.

கரும்பலகையில் சுண்ணக்கட்டி இழுபடும் ஓசை.

நீளமாக ஒரு கோடு. நின்றது. வளைவாக இன்னொரு கோடு.

பதிவாளர் திரும்பிப் பார்க்கவில்லை. மின்விசிறியின் அடியில் உட்கார்ந்திருந்தவரின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. "எலி" என்றார். "நாளையிலேர்ந்து என் ரூம் மாடியில. இந்தச் சுவத்துக்கு முன்னால ஒரு விரிவாக்கம் வருது. எல்லாம் சரியாயிடும். நீங்க கெளம்புங்க."

எலி எழுதுமா? அதுவும் இவ்வளவு நிதானமாக?

வெளியே படிக்கட்டில் சூளைக்காரி காத்திருந்தாள். மாலை வகுப்பின் மூத்த மாணவி. களிமண் ஒட்டிய செருப்போடு உள்ளே வரக் கூடாது என்று காவலாளி போட்ட சட்டத்தால், அவளும் தோழிகளும் எங்கே போனாலும் செருப்புகளை வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

"என்ன டீச்சரம்மா, இடம் கெடச்சுதா? இல்ல, குடிக்கத் தண்ணியாவது குடுத்தாங்களா?"

"ரெண்டும் இல்ல."

"நல்லாருக்கு நாயம். நாங்க சுட்ட கல்லு உள்ள ஏசியில உக்காந்திருக்கு. சுட்டவ வெளிய நிக்கிறேன். பேசாம கல்லாப் பொறந்து தொலைச்சிருக்கலாம்." சிரித்தாள், சிரிப்பு சட்டென்று அடங்கியது. "எம் பேருல பாதி எழுதக் கத்துக்கிட்டேன். வகுப்ப மூடிட்டா மீதிப் பேருக்கு நான் எங்க போறது?"

விரிவுரையாளர் குனிந்து, ஊக்கு குத்தி ஒட்டவைத்திருந்த தன் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"அந்த ஊக்க மாத்துங்க டீச்சரம்மா. இல்லேன்னா ஒரு நாளு உங்க செருப்பும் எங்க வரிசைக்கு வந்துடும்."

விரிவுரையாளரின் தம்பிதான் பல்கலைக்கழகத்தின் கட்டடப் பொறியாளர். நேரே அவன் அறைக்குப் போய், சுவரில் கேட்டதைச் சொன்னாள். அவன் கேலி செய்வான் என்று எதிர்பார்த்தாள். அவனோ வரைபடத்தை மேசைமேல் விரித்தான்.

"வெளிய அளந்தா ஒரு கணக்கு வருது, உள்ள அளந்தா வேற கணக்கு வருதுக்கா. நடுவுல ஒரு பெரிய துண்டையே காணோம். எல்லாத் தாழ்வாரமும் அதச் சுத்தித்தான் வளையுது."

"பழைய கூடம்! இடிச்சுட்டாங்கன்னு சொன்னாங்களே?"

"இடிக்கத் தலைநகர் ஒப்புதல் வேணுமே. அதனால இடிக்கல. நாலு பக்கமும் செங்கல் வெச்சு மூடிட்டாங்க."

"கதவு கூடவா வைக்கல?"

"உள்ள எதையோ வெச்சுப் பூட்டுறவன் கதவு வைப்பான். மறக்க நெனக்கறவன் எதுக்குக்கா வைக்கறான்?"

அவள் அவனையே பார்த்தாள். அக்காவின் அந்தப் பார்வை சிறுவயது முதலே அவனுக்குப் பழக்கம்.

"சரி சரி, மொறைக்காத. சுவத்துல ஈரம்னு சொல்லி உடைச்சுப் பாக்க நான் யார் கிட்டயும் கேக்க வேண்டாம். நாளைக்கு அந்தாளு மாடிக்குப் போனதும் வா."

மறுநாள் அந்தி மங்கும் நேரம், ஆளொழிந்த பதிவாளர் அறையில் தம்பி கடப்பாரையை ஓங்கினான். காரை உதிர்ந்தது. செங்கல் அசைந்து உட்பக்கமாக விழுந்தது.

விழுந்த ஓசை கேட்கவில்லை.

இன்னொரு கல்லும் விழுந்தது. அதற்கும் ஓசை இல்லை. யாரோ கையில் ஏந்தி மெல்லக் கீழே வைத்ததுபோல.

துளை ஆள் நுழையும் அளவானதும் உள்ளிருந்து காற்று வந்தது. அடைபட்ட இடத்தின் புழுக்க நாற்றத்தை எதிர்பார்த்து மூக்கைப் பொத்தியவள், கையை எடுத்தாள். ஈரக் களிமண் மணம். விளக்குத் திரியின் புகை. நாளெல்லாம் வெயிலில் உழைத்த உடம்புகளின் வியர்வை.

தம்பியின் டார்ச் ஒளியில் கூடம் மெல்ல மெல்ல உருக்கொண்டது. உயர்ந்த கூரை. வரிசை வரிசையாகப் பெஞ்சுகள். எதிரே கரும்பலகை. தரையில் கணுக்கால் ஆழத்துக்குப் புழுதி; அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. ஆனால் பெஞ்சுகளில் புழுதியே இல்லை. நாள்தோறும் அமர்ந்து எழுபவர்களின் இருக்கைபோல அவை வழவழவென்று மின்னின.

மேசைமேல் ஒரு விளக்கு. அணைந்த விளக்கு. அவள் கண்ணாடிக் கூண்டைத் தொட்டாள்.

சுட்டது.

"அக்கா, போதும். வா, போயிடலாம்" என்றான் தம்பி, கிசுகிசுப்பாக.

அவள் நகரவில்லை. அவளுக்குள் கனன்றது பல ஆண்டுச் சினம். இத்தனை பெரிய கூடம்! இத்தனை பெஞ்சுகள்! இதை வயிற்றுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டா இடமில்லை என்றீர்கள், பாவிகளே?

"சூளையில வேலை செய்யறவங்க வெளிய நிக்கறாங்க" என்று இருட்டைப் பார்த்து அவள் சொன்னாள். யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. "படிக்கணும்னு வந்திருக்காங்க. இங்க இடம் இருக்கா?"

முதல் வரிசைப் பெஞ்சு கிரீச்சிட்டது.

அடுத்து இரண்டாம் வரிசை. அடுத்து மூன்றாவது. மரத்தின்மேல் துணி உரசும் ஓசை, மூச்சு, முனகல், ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கும் ஓசை. கண்ணுக்கு ஒரு நிழலும் தெரியவில்லை. ஆனால் கூடம் நிறைய ஆட்கள் நகர்ந்து கொண்டிருந்தார்கள்.

அவள் காதருகே, மிக அருகே, ஒரு குரல் சொன்னது.

"இருக்கு. இடம் இருக்கு."

டார்ச் கீழே விழுந்தது. தம்பி அவள் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடினான்.

அடுத்த நாள் காலை அவள் போய்ப் பார்த்தபோது துளை இல்லை. புதுக் காரை பூசியிருந்தது. தம்பியின் மேசைமேல் வேறொரு வளாகத்துக்கு மாற்றல் உத்தரவு கிடந்தது. அவள் மாடிக்கு ஏறினாள்.

"உங்களுக்குத் தெரியும். முன்னாடியே தெரியும், இல்லையா சார்?"

பதிவாளர் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். "எனக்கு முன்னால இருந்தவருக்கும் தெரியும். அவருக்கு முன்னால இருந்தவருக்கும் தெரியும். வகுப்ப வெளிய தள்ளின நாள்லேர்ந்து அந்தக் கதவு எந்தப் பூட்டுலயும் நிக்கல. சாயங்காலம் ஆனா தானாத் தெறந்துக்கும். உள்ள பாடம் நடக்கற சத்தம் கேக்கும். கிழக்கால கேட்டுச்சு, தேர்வுத்துறையக் கட்டினாங்க. தெற்கால கேட்டுச்சு, நிதித்துறையக் கட்டினாங்க. எந்தப் பக்கம் கேட்டுச்சோ அந்தப் பக்கம் விரிவாக்கம். இப்ப என் முதுகுல கேக்குது."

அவள் மேசையில் கையூன்றிக் குனிந்தாள்.

"அப்போ இந்தப் பல்கலைக்கழகம் வளந்ததே பயத்துலயா? பயந்து பயந்து சுவர் வெச்சுட்டு அதுக்கு வளர்ச்சின்னு பேரு வெச்சீங்களா? விழா எடுக்கறீங்களா? அவங்க உங்க கழுத்தையா சார் கேக்கறாங்க? ஒரு கதவு! கொடுத்த வாக்கு! அதக் கொடுத்துத் தொலைச்சா என்ன?"

"கதவு தெறந்தா யார் யாரெல்லாம் உள்ள வருவாங்கன்னு யோசிச்சீங்களா மேடம்?"

"வரட்டுமே!"

அவர் கோப்பை மூடினார். "வகுப்பு ரத்து. உத்தரவு போயாச்சு. இடம் இல்லை."

அன்று மாலை கொட்டகை இருந்த இடத்தில் நொறுங்கிய ஓடுகள் கிடந்தன. மாணவிகளிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று கூனிக் குறுகி வந்த விரிவுரையாளர், அங்கே ஒருவரையும் காணாமல் திகைத்தாள்.

காவலாளி வாயிலிலிருந்து குரல் கொடுத்தார். "யாரத் தேடறீங்கம்மா? சூளைக்காரங்க அப்பவே உள்ள போயிட்டாங்களே! வகுப்பு கூடத்துல நடக்குது, வாங்கன்னு உள்ளேர்ந்து யாரோ கூப்பிட்டாங்களாம். நீங்கதான்னுல்ல நெனச்சேன்?"

அவள் ஓடினாள். தாழ்வாரங்கள் வளைந்தன, மறுபடி வளைந்தன. விளக்குகள் இன்னும் போடப்படவில்லை. பதிவாளரின் பழைய அறை திறந்து கிடந்தது.

சுவரில் துளை இல்லை. அவள் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். காரை இறுகிக் காய்ந்திருந்தது. விரிசல் இல்லை. நகம் நுழையவும் வழி இல்லை.

சுவரின் அடியில், களிமண் ஒட்டிய செருப்புகள் வரிசையாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன.

எல்லாம் சுவரை நோக்கியபடி.

உள்ளே சுண்ணக்கட்டி இழுபட்டது. ஒரு குரல் எழுத்தைச் சொன்னது. பல குரல்கள் திருப்பிச் சொல்லின. கூடம் கொள்ளாத குரல்கள். அவற்றுக்கு நடுவே, தெளிவாக, தடுமாற்றமில்லாமல், சூளைக்காரி தன் பெயரின் எழுத்துகளைக் கூட்டிப் படித்தாள்.

முழுப் பெயரையும்.

விரிவுரையாளர் அலற வாய் திறந்தாள். நாளெல்லாம் முழங்கிய அந்தத் தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை. கால்கள் பின்வாங்க மறுத்தன. கால்விரலில் ஏதோ இளகியது. குனிந்து பார்த்தாள். செருப்பு வாரில் இருந்த ஊக்கு, தானாகத் திறந்து கொண்டிருந்தது.

சுவருக்கு அப்பால் பெஞ்சு ஒன்று கிரீச்சிட்டது. யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள்.