நிழல் வரியும் நாடிமானியும்

வரித் தீர்ப்பாயத்தின் வாசலில் வழக்கறிஞர்கள் எல்லாரும் வழக்கம்போல் மணிக்கட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். காவலர் ஒவ்வொருவருக்கும் நாடிமானியை மாட்டிவிட்டார். மற்றவர்களுக்குப் பச்சை எரிந்தது. எனக்குச் சிவப்பு.

“முதல் கேஸா?” என்று சிரித்தார்.

முதல் கேஸ்தான். வாதாடும்போது விளக்கு சிவந்தால், சொல்கிறவளுக்கே தன் சொல்லில் நம்பிக்கை இல்லை என்று தீர்ப்பு இயந்திரம் வாதத்தைத் தள்ளிவிடும். பயத்துக்கும் பொய்க்கும் வித்தியாசம் தெரியாத சனியன்!

என் கட்சிக்காரர் செல்லக்கிளி, பாளையங்கோட்டையில் மோர் விற்பவர். வெயில் இப்படிக் கொளுத்தத் தொடங்கிய பிறகு நிழலுக்கும் வரி வந்துவிட்டது. தானே நட்ட வேம்பின் கீழ் உட்கார்ந்ததற்கு அவருக்கும் போட்டுவிட்டார்கள். கட்டாவிட்டால் மரம் அரசுக்கு. நட்டவருக்கு நிழல் விளைச்சல்தான், நுகர்வு அல்ல என்பது என் வாதம். வாதம் நன்றாகத்தான் இருந்தது. பாழாய்ப்போன நெஞ்சுதான் அடங்கவில்லை.

“எனக்காகத்தானம்மா இப்படிப் பதறுதீய?” செல்லக்கிளி என் கையைப் பிடித்துக்கொண்டார். “பெத்த பிள்ளை மாதிரில்லா இருக்கு. பாத்ததும் எனக்குத் தைரியம் வந்துட்டு.”

அய்யோ, அதைக் கேட்டு இன்னும் பதறியது.

சீனியர் சம்பூர்ணம் மேடம் கைப்பையிலிருந்து சாந்தப்பட்டை ஒன்றை எடுத்தார். பார்க்கப் பிளாஸ்திரி மாதிரி இருந்தது. “கழுத்துல ஒட்டிக்கோ. பயம் போயிடும்.”

“திரும்பி வருமா, மேடம்?”

“இருபது வருஷமா எனக்கு வரலை. நல்லாத்தானே இருக்கேன்? அந்த அம்மா ஜெயிக்கணுமா, வேண்டாமா?”

ஒட்டிக்கொண்டேன்.

பச்சையிலேயே வாதாடி முடித்தேன். மரம் செல்லக்கிளிக்கே என்று தீர்ப்பானது. அவர் அழுதுகொண்டே என்னைக் கட்டிக்கொண்டார். கோட்டு கசங்குகிறதே என்று நினைத்தேன்.

மறுமாதம் வரித்துறையே என்னிடம் ஒரு வழக்கைத் தந்தது. அதே வேம்பின் மறுபக்கம் இஸ்திரி வண்டி நிறுத்தியிருக்கும் பேச்சித்தாய்க்கு நிழல் வரி. செல்லக்கிளியின் மகள். மரத்தை நட்டது அம்மா, மகள் அல்ல. ஆகவே மகளுக்கு அது நுகர்வு. கட்டாவிட்டால் வண்டி பறிமுதல். சுலபமான வாதம், ஒத்துக்கொண்டேன்.

தீர்ப்பாய வாசலில் தாயும் மகளும் நின்றிருந்தார்கள். மகள் அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் செல்லக்கிளியின் முகம் மலர்ந்தது.

“ஏட்டி, அழாத. நம்ம வக்கீலம்மா வந்துட்டாவ பாரு!”

நான் எதிர்த்தரப்பு என்று சொல்லியிருக்கலாம். அவசியமாகத் தோன்றவில்லை. மணிக்கட்டை நீட்டினேன்.

“பச்சை,” என்றார் காவலர்.