ஏத்தறேண்ணே

பழைய இரும்பு எதுவாவது முதல் தடவையிலேயே ஒழுங்காகப் பொருந்தியிருக்கிறதா? சவரிராயனின் மெக்கானிக் வாழ்க்கையில் கிடையாது. காயலான் கடைச் சாமானென்றால் ஓட்டை ஒரு பக்கம் போகும், போல்ட் ஒரு பக்கம் போகும், நெம்பி, அரத்தால் ராவி, நாலு கெட்ட வார்த்தை சொன்னால்தான் வழிக்கு வரும். இதுவோ, காருக்கடியில் படுத்துத் தூக்கிப் பிடித்ததுமே, வீட்டுக்குத் திரும்பி வந்த பூனை மாதிரி போய் உட்கார்ந்துகொண்டது.

கியர்பாக்ஸைக் கீழேயிருந்து தாங்குகிற குறுக்குச் சட்டம். காலையில்தான் மீரான் பாயின் காயலான் கடையிலிருந்து வாங்கி வந்தான். ஸ்ரீரங்கத்து வக்கீலின் பழைய ஆஸ்டின் கார் நாளைக்குப் போயாக வேண்டும்.

அவன் மனைவி இருதயமேரி கோயிலுக்குக் கிளம்பும்போதே தலையில் அடித்துக்கொண்டாள். "பெரிய வெள்ளியும் அதுவுமா இரும்பைத் தொடுவாங்களா? ஆண்டவரை ஆணியடிச்ச நாளுங்க."

"வக்கீலுக்கு ஏதுடி பெரிய வெள்ளி? நீ போ."

பாலக்கரையே கோயிலில் இருந்தது. துக்க நாளென்று கோயில் மணிக்கு இன்று ஓய்வு. அதற்குப் பதில் மரக்கட்டையைத் தட்டும் சத்தம் மட்டும் வெயிலில் டக் டக்கென்று வந்தது. தகரக் கூரை சூட்டில் முனகியது, கிரீஸும் மண்ணெண்ணெயும் மூக்கை அடைத்தன, அதற்கு நடுவில் மெல்ல மெல்லப் பன்னீர்ப் புகையிலை வாசனையும் வந்து சேர்ந்தது. இந்தப் பட்டறையில் வெற்றிலையோடு அதைப் போட்டவன், பாதிப் பங்குக் கூட்டாளி அழகிரி ஒருத்தன்தான். அவன் செத்து ஒரு வருஷமாகிறது.

போல்ட்டை முடுக்கும்போது முழங்கை இடித்தது. பழக்கதோஷம், வாய் தானாகச் சொன்னது. "கொஞ்சம் ஏத்து."

"ஏத்தறேண்ணே."

கீழே படுத்திருப்பவன் சொன்னதை ஜாக்கிக்காரன் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கம்பியைச் சுற்ற வேண்டும். பட்டறை வழக்கம் அது. ஆனால் ஜாக்கியில் யாரும் இல்லையே!

கம்பி கிறீச்சிட்டது. கார் இறங்கியது.

சட்டம் கண்ணுக்குக் கிட்டே வந்தது. காலையில் கிரீஸ் அப்பி மறைந்திருந்த வெல்டிங் ஒன்று நடுவில் தெரிந்தது. கோணல்மாணலாக ஓடி, கடைசியில் கொக்கியாக வளைந்திருந்தது. சவரிராயனின் கை வேலை. அட மாதாவே! அழகிரியின் நெஞ்சில் உட்கார்ந்த சட்டம். அந்தக் காரை இவனேதான் கரூர்ப் பக்கம் உடைக்க அனுப்பினான்.

அன்றைக்கு அழகிரி கீழேயிருந்து கத்தினான், "ஏத்துண்ணே!" இவன் "ஏத்தறேன்டா" என்றுதான் பதில் சொன்னான். சொல்லிக்கொண்டே இறக்கினான். பட்டறைப் பலகையில் ஒரே பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜாக்கி சறுக்கிவிட்டதென்று சுடுகாட்டில் எல்லாரையும்விட உரக்க அழுதவனும் இவனே.

வெளியே போகணும். புரண்டான். தோள் சிக்கியது. காரைத் தாங்கும் முட்டுக்கட்டைகள்? நாலையும் அவனே வைத்தானே!

வாசலோரம் இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக. அழகாக அடுக்கி.

"ஏத்து! டேய், ஏத்துடா!"

"ஏத்தறேண்ணே."

இறங்கியது. நெஞ்சில் இரும்பு தொட்டது. சூடாக.

"அழகிரி... ஏத்து..."

"ஏத்தறேண்ணே."

கோயிலில் கட்டைச் சத்தம் நின்றது. மூச்சு உள்ளே போக இடமில்லை. தலையைத் திருப்பினான். ஜாக்கிக் கம்பி தானாகச் சுற்றி நின்றது. அதில் வெற்றிலைச் சிவப்பில் ஐந்து விரல் தடம், ஈரம் காயாமல்.

அன்பாகத்தான் கேட்டது குரல்.

"இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமாண்ணே?"